நத்தை அரிசி

மூன்றாம் தொட்டியில் நத்தைகள் எல்லாம் ஒரே பக்கச் சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன.

தொட்டிக்காரன் பண்ணைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். இந்தப் பருவத்தில் பெண் நத்தைகள் தொட்டியின் நடுவே சாய்த்து வைத்த கூரை ஓடுகளில் மொய்த்துக் கிடக்கும். ஆண் நத்தைகள் பக்கத்து மணலில் அரைகுறையாகப் புதைந்திருக்கும். அன்றைக்கு ஓடுகள் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரிக் காலியாக இருந்தன. அத்தனை நத்தையும் கிழக்குச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்கும் மேலே, கொம்புகளை வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றன. அந்தச் சுவருக்கு வெளியேதான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தொட்டி விளிம்பில் பிடரியைச் சாய்த்துச் சிறிது நேரம் கண்ணயர்வது வழக்கம்.

"என்னண்ணே, உங்களப் பார்க்கக் கூட்டம் கூடியிருக்கு? தேர்தல்ல நிக்கப் போறீங்களா?" என்றான் மீசை. பண்ணையில் வேலைக்கு இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். மீசைக்கு அந்தப் பெயர் வந்ததே மீசை சரியாக முளைக்காததால்.

"தண்ணி கெட்டிருக்கும்டா. மாத்தி விடு."

தண்ணீர் கெடவில்லை. மோந்து பார்த்தான், நாக்கில் வைத்தும் பார்த்தான். வெறும் உப்புதான். சும்மா ஒரு சந்தேகத்துக்காக முக்காலியை எடுத்து மேற்குப் பக்கம் போட்டு உட்கார்ந்து, வலை கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது நத்தைகள் மேற்குச் சுவருக்கு வந்திருந்தன. மீசையிடம் சொன்னால் சிரிப்பான் என்று சொல்லவில்லை.

அது கடல் நத்தை வளர்க்கும் பண்ணை. முழுக்கத் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே சிமெண்டுத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் காற்றுக்குழாய் விடாமல் கொப்புளிக்கும் சத்தம், ஒரு மூலையில் மோட்டாரின் உறுமல், எதைத் தொட்டாலும் விரலில் ஏறிக்கொள்ளும் பாசி வாடை. கடலில் முங்குகிறவர்கள் பெரிய நத்தைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவை இங்கே முட்டையிட வேண்டும். முட்டை என்றால் உருண்டை இல்லை. பெண் நத்தை தன் பாதத்தால் அழுத்தி அழுத்தி, சின்னச் சின்னப் பைகளாக, நெருக்கமாக நட்டு வைத்த மாதிரி ஒட்டும். வெள்ளையாக, நெல்லுச் சோற்றுப் பருக்கை நிமிர்ந்து நிற்பதுபோல் இருக்கும். பண்ணையில் அதை அரிசி என்பார்கள். 'அரிசி போட்டுச்சா?' என்பதுதான் காலையில் முதலாளி போனில் கேட்கும் முதல் கேள்வி.

ஒரு பைக்குள் முட்டைகள் ஏராளம். ஆனால் வெளியே வருவது ஒன்றோ இரண்டோதான். முதலில் முழித்துக்கொள்கிற குஞ்சு பக்கத்தில் இருக்கும் கூடப்பிறந்ததை எல்லாம் தின்று வளரும். தின்ன ஒன்றும் மிச்சமில்லாதபோது பையை ஓட்டை போட்டு வெளியே வரும், முதுகில் ஓட்டோடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டு இரண்டு நாள் அவன் சோற்றைத் தொடவில்லை. பிறகு பழகிவிட்டது. பழகாமல் என்ன செய்ய, வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

இன்னொரு குணமும் இந்த நத்தைக்கு உண்டு. காலியான கூரை ஓட்டில் முட்டையிடாது. ஏற்கெனவே ஒரு பெண் நத்தை போட்ட இடத்தில்தான் இன்னொன்று வந்து போடும். 'ஊரோடு ஒத்து வாழணும்னு நத்தைக்குத் தெரியுது, என் பொண்டாட்டிக்குத் தெரியல' என்று மீசை அடிக்கடி சொல்வான். அதனால் புதிய ஓடு வைக்கும்போது, முட்டையிட்ட ஓட்டில் இருக்கும் கொழகொழப்பை வழித்து, புதிய ஓட்டில் தடவ வேண்டும். பசை காட்டுவது என்று பெயர். கையுறை போட்டுத்தான் செய்ய வேண்டும். முடித்ததும் கையுறையை உடனே கழற்றி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். போன வாரம் பசை காட்டியபோது அனலாய் அடித்த வெயில். தகரக் கூரைக்குக் கீழே வேர்த்து ஊற்றியது. அவன் கையுறையோடு கழுத்துத் துண்டை இழுத்துப் பிடரியைத் துடைத்தான். ஒரு தடவை இல்லை, அன்று முழுக்க அப்படித்தான் துடைத்தான். அன்று மதியம் வழக்கம்போலத் தொட்டி விளிம்பில் தலை சாய்த்துத் தூங்கினான். எழுந்தபோது பிடரி ஜில்லென்று, தொட்டால் உணர்வே இல்லாமல் இருந்தது. தூங்கிய வாகு சரியில்லை என்று நினைத்துக்கொண்டான்.

நத்தைகள் மேற்குச் சுவருக்கு இடம் மாறிய அன்று சாயங்காலம்தான் அவன் மனைவி பார்த்தாள். பண்ணைக்கு எதிரே, முற்றத்தைத் தாண்டி, முதலாளி கொடுத்த சின்ன வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். குளித்துவிட்டு வந்தவனின் தலையைத் துவட்டப் போனவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க இது, கழுத்துல சோறு ஒட்டியிருக்கு?"

"தட்டி விடு."

அவள் நகத்தால் நெம்பினாள். அவனுக்கு வலிக்கவில்லை. ஆனால் முதுகுத்தண்டின் அடி வரைக்கும் ஏதோ ஒரு நூலைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அவள் கை நின்றுவிட்டது.

"வரிசையா இருக்குங்க," என்றாள். "தோலோட சேர்ந்து வருது. ரத்தம் வருது. நான் தொடமாட்டேன்."

கண்ணாடியில் பார்க்க முடியாது. அவள் போனில் படம் பிடித்துக் காட்டினாள். அவன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் அரிசியைச் சுரண்டி எடுத்திருப்பான். முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. நல்ல தரமான அரிசி. சாய்வு இல்லாமல், ஒரே உயரத்தில், பிடரி மயிர் முடியும் இடத்தில் இருந்து கீழ்நோக்கி இரண்டு வரிசை.

டாக்டர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "மரு. உப்புத் தண்ணியில வேலை செய்யறவங்களுக்கு வரும்," என்றார்.

"டாக்டர், இது மரு இல்ல. இது முட்டை. எனக்குத் தெரியும், என் தொழிலே இதுதான்."

டாக்டர் அவன் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை. "களிம்பு தரேன். ரெண்டு வேளை தடவுங்க. சுரண்டாதீங்க. நல்லா தூங்குங்க." வெளியே வந்ததும் மனைவி அவன் தோளைத் தொட்டு, "முட்டைன்னு எல்லாம் சொல்லி மானத்த வாங்கணுமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பயந்து போய்ச் சொன்னாள்.

மறுநாள் காலை குளியலறைச் சாக்கடைத் துளையில் இருந்து அவன் தலையணை வரைக்கும் தரையில் ஈரக் கோடு பளபளத்தது. போய்த் திரும்பிய கோடு. பிடரியில் வரிசை நான்காகியிருந்தது. அவன் துளையில் துணியைத் திணித்து மேலே கல்லை வைத்தான். அடுத்த காலை கோடு வாசல் கதவின் அடியில் இருந்து வந்திருந்தது. தொட்டிகளில் ஒன்றும் குறையவில்லை என்று மீசை சத்தியம் செய்தான். அப்படியென்றால் வருவது தொட்டியில் இருந்து இல்லை. வீட்டுக்குப் பின்னால், சரிவில் இறங்கினால், கடல்.

"வேலியில போற ஓணானை வேட்டிக்குள்ள விட்ட கதையா இருக்குண்ணே," என்றான் மீசை. சிரிக்க ஆரம்பித்து, அவன் பிடரியைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டான்.

மனைவி அருவருப்பை அடக்கிக்கொண்டு பஞ்சில் களிம்பைத் தொட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே தடவுவாள். பாதி களிம்பு சட்டையில்தான் போகும். அவளைக் குறை சொல்ல அவனுக்கு மனமில்லை. பிறகு அந்த வேலையை வாண்டு எடுத்துக்கொண்டாள். அவர்களுடைய ஒரே மகள். ஆறு வயது, வாய் அறுபது வயது. பிள்ளையே இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்த பிறகு பிறந்தவள். அவள் இருமினாலே அவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

"அம்மாவுக்குத் தடவத் தெரியல. நான்தான் டாக்டர். ஆடாம உக்காருங்கப்பா."

"பஞ்சு எடுத்துக்கோடா செல்லம்."

"பஞ்சு குத்தும்பா."

பிஞ்சு விரல்கள் ஒவ்வொரு அரிசியாக நிதானமாகத் தடவிக் கொடுத்தன. வாயில் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே தடவுவாள். அந்த ஒரு வாரத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு. பிடரியில் வெள்ளை போய் மஞ்சள் வந்தது, மஞ்சள் போய்க் கத்திரிக்காய் நிறம் வந்தது. அந்த நிறம் எதற்கு என்று அவனுக்குத் தெரியும். கத்திரி நிறம் வந்த ஓட்டைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும், குஞ்சு வெளியே வரும் நேரம் அது. படுத்தால் சத்தம் கேட்டது. வெளியே இருந்து இல்லை. எலும்பு வழியாக, காதின் உள்பக்கத்தில். சுரண்டல். மிக மெல்லிய சுரண்டல், சற்று நிற்கும், மறுபடி தொடங்கும். உள்ளே சாப்பாடு நடக்கிறது. ஒவ்வொரு பையிலும் ஒன்று மற்றதைத் தின்றுகொண்டிருக்கிறது. தின்று முடித்ததும் அதற்கு அடுத்த வேளை பசிக்கும். அப்போது பக்கத்தில் இருப்பது அவன்தான்.

அதைவிட ஒரு பயம் அவனைத் தின்றது. வாண்டு தூங்கும்போது அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். ஈரக் கோடுகள் இப்போது அவள் தலையணையையும் உரசிக்கொண்டு போயின.

அவன் ஒரு முடிவுக்கு வந்தான். அவை தேடி வருவது அவனைத்தான். அவன் வீட்டில் இருக்கும்வரை வீட்டுக்கு வரும். அவன் பண்ணையில் இருந்தால் பண்ணைக்கு வரும். அவ்வளவுதானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். இன்னிக்கு ஒரு நாள் நான் பண்ணையில படுத்துக்கறேன்," என்றான் மனைவியிடம். அவள் போர்வையை மடித்துக் கொடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. வாண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் பாவாடைக்குள் மறைத்தபடி நின்றாள். கோபம் போல என்று நினைத்தான்.

மகளுக்கு ஒரு கெட்ட பழக்கம்: நினைத்த நேரத்துக்கு முற்றத்தைத் தாண்டிப் பண்ணைக்குள் ஓடி வந்துவிடுவாள். அதனால் மீசையிடம் சொன்னான். "ஷட்டரை இறக்கி வெளிய பூட்டுடா. சாவியை நீயே எடுத்துட்டுப் போ. காலைல வந்து திற."

"அண்ணே, இதெல்லாம் தேவையா?"

"பூட்டுடா."

பூட்டு விழுந்தது. மீசையின் வண்டிச் சத்தம் மழையில் கரைந்து போனது. சாயங்காலம் முடிந்திருக்கவில்லை, கம்பி போட்ட ஜன்னல் வழியே முற்றமும், முற்றத்துக்கு அப்பால் சமையலறை ஜன்னலின் மஞ்சள் வெளிச்சமும் தெரிந்தன. அவன் சட்டையைக் கழற்றினான். வேண்டுமென்றே மூன்றாம் தொட்டியின் விளிம்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். வரட்டும். எத்தனை வேண்டுமானாலும் வரட்டும். அவளை விட்டால் போதும்.

காற்றுக்குழாய்கள் கொப்புளித்தன, மோட்டார் உறுமியது, கூரையில் மழை தாளம் தப்பாமல் கொட்டியது, பிடரிக்குள் சுரண்டல் சில இடங்களில் நின்று போயிருந்தது, நின்ற இடங்களில் முனை போல் ஏதோ குத்தியது, குத்திய இடத்தில் இருந்து சின்னதாக, குளிர்ச்சியாக, ஒன்று அவன் தோளை நோக்கி நகர ஆரம்பித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான். பிடரியின் மரப்பு வலது கை விரல் வரை இறங்கியிருந்தது.

மின்சாரம் போனது.

மோட்டார் நின்றது. குழாய்கள் நின்றன. அந்த அமைதியில் இன்னொரு சத்தம் கேட்டது. சிமெண்டில் ஓடு உரசும் சத்தம். எல்லாத் தொட்டியிலும். டக். டக். விளிம்பில் இருந்து தரையில் விழும் சத்தம்.

அவன் போனின் வெளிச்சத்தைப் போட்டான். தரை நகர்ந்துகொண்டிருந்தது. பெரிய நத்தைகள், தோளோடு தோளாக, கொம்பை நீட்டிக்கொண்டு. அவன் கண்ணை மூடிக் காத்திருந்தான். பாதத்தில் ஈரமாக ஒன்று ஏறியது. இறங்கியது. அடுத்தது ஏறியது. இறங்கியது.

கண்ணைத் திறந்தான்.

அவை அவனிடம் நிற்கவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு, அவன் கால் குறுக்கே இருந்தால் அதன் மேல் ஏறி இறங்கி, போய்க்கொண்டிருந்தன. ஷட்டரின் அடி இடுக்கை நோக்கி. முற்றத்தை நோக்கி. அவன் பிடரியில் இனி இடமில்லை; அங்கே எல்லாம் போட்டு முடித்தாயிற்று. பசை காட்டிய புதிய ஓடு வேறு எங்கோ இருக்கிறது.

பசையை யார் தொட்டது?

ஐயோ.

"பஞ்சு குத்தும்பா."

அவன் மனைவிக்குப் போன் போட்டான். விரல் சரியாக அழுத்தவில்லை. மறுபடி போட்டான்.

"வாண்டு கையைப் பாரு. முதல்ல அவ கையைப் பாரு!"

"என்னங்க, கரண்ட் வேற போயிடுச்சு, மெழுகுவர்த்தி..."

"கையைப் பாருடி!"

போன் மேசையில் வைக்கப்படும் சத்தம். தூரத்தில் மனைவியின் குரல். "கையைக் காட்டு. எதுக்கு மறைக்கிற? காட்டுன்னு சொல்றேன்ல." பிறகு வாண்டுவின் அழுகை. "ஊசி போடுவாங்கம்மா. நான் சொன்னா ஊசி போடுவாங்க." பிறகு தீக்குச்சி உரசும் சத்தம்.

"என்னங்க," என்றாள் மனைவி. குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. "ரெண்டு உள்ளங்கையிலயும் இருக்குங்க."

"அவளைத் தூக்கிட்டு வெளிய ஓடு. முன்வாசல் வழியா. ரோட்டுக்கு ஓடு."

அவள் கதவைத் திறப்பது கேட்டது. உடனே மூடுவது கேட்டது. "வாசப்படி முழுக்க..." என்றாள். போன் கீழே விழுந்தது.

மீசையைக் கூப்பிட்டான். "பாலத்துக்கு மேல தண்ணி ஓடுதுண்ணே, இடுப்பளவு! வடிஞ்சதும் வந்துடறேன், என்னண்ணே ஆச்சு?" ஷட்டரை உதைத்தான். இரும்புக் கழியை எடுத்து நெம்பப் பார்த்தான். வலது கை கழியைப் பிடிக்கவில்லை. கழி நழுவியது. மறுபடி எடுத்தான். நழுவியது. அவன் காலடியில் அவை அமைதியாக இடுக்கில் நுழைந்து போய்க்கொண்டிருந்தன, அவசரமே இல்லாமல்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். மழை அவன் குரலை அப்படியே அமுக்கிப் போட்டது.

சமையலறை ஜன்னலில் மெழுகுவர்த்தி வெளிச்சம் வந்தது. வாண்டு மேடை மேல் ஏறி நின்றிருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. அப்பாவைத் தேடினாள், பண்ணை ஜன்னலில் அவன் போன் வெளிச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அவன் பின்னால் போ, பின்னால் போ என்று கையை ஆட்டினான். கூப்பிடுகிறார் என்று நினைத்திருப்பாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அவனுக்குக் காட்ட, கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

வெளிச்சுவரில் இருந்து ஒன்று கண்ணாடிக்கு ஏறியது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. அதற்குக் கீழே வரிசையாக, சுவர் தெரியாத அளவுக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் தலைக்குப் பின்னால் இருந்த சுவரிலும் கறுப்பாக நிழல்கள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. மனைவி பாய்ந்து வந்து மகளின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

வாண்டு கையை எடுக்கப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்து கை வரவில்லை.